பல்கீஸை நனைக்காத தண்ணீர்

பல்கீஸைத் தண்ணீர் தொடாமல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடித்த நேரம். செங்காட்டுப்பேட்டையின் அறுபத்திரண்டு தோல் பதனிடும் ஷாப்புகளும் கழித்துவிடும் தண்ணீரைச் சுத்தம் செய்கிற நிலையத்தில் அவள் கெமிஸ்ட். அங்கே சோதனைக்கூடத்து மூலையில் இருந்த பீங்கான் தொட்டிக்கு முன்னால் நின்று, பதினான்கு வருடங்களாகச் செய்துவந்ததைப் போலவே வெள்ளைக் கோட்டின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, பிஸ்மில்லா சொல்லி, தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் ஒளுவுக்காகக் குழாயைத் திறந்தாள். தண்ணீர் வந்தது, உள்ளங்கையில் விழுந்தது, சேம்பிலையில் விழுந்ததுபோல முத்துமுத்தாகத் திரண்டு உருண்டு விரலிடுக்கு வழியாக இறங்கிப் போனது, கை மட்டும் காய்ந்த கையாகவே இருந்தது.

கெமிஸ்ட் என்பதால் அவள் அலறவில்லை. சோப்புப் போட்டுப் பார்த்தாள். தண்ணீர் சோப்பை இழுத்துக்கொண்டு போனதே தவிர, தான் போன தடத்தை விட்டுவைக்கவில்லை. காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றிப் பார்த்தாள், கிணற்று மாதிரியை ஊற்றிப் பார்த்தாள், ஃபிரிட்ஜிலிருந்து ஐஸை எடுத்து உருகும்வரை கையில் பிடித்துப் பார்த்தாள். பிறகு குறிப்பேட்டைத் திறந்து, மணி நாலு நாற்பது, மூன்று வகைத் தண்ணீரும் ஒட்டவில்லை, ஐஸும் ஒட்டவில்லை, குளிர்ச்சி மட்டும் தெரிகிறது என்று தெளிவான கையெழுத்தில் எழுதி வைத்தாள். மாதிரி எடுத்து வரும் எஸ்தர், அவளைவிட எட்டு வயது மூத்தவள், கூடையைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

“எண்ணெய் ஏதும் பட்டிருச்சா மேடம்?”

“இல்லக்கா.”

“அப்ப தண்ணிக்குத்தான் ஏதோ கோவம்,” என்று சொல்லிவிட்டு எஸ்தர் பாட்டில்களை அடுக்கப் போனாள்.

அன்று பல்கீஸ் அஸர் தொழவில்லை. ரசாயனப் பாட்டில்கள் இருந்த அதே அலமாரியின் இரண்டாம் தட்டில் மடித்து வைத்திருந்த தொழுகை விரிப்பு, பதினான்கு வருடத்தில் முதல் முறையாக வேலை நாளில் மடிப்புக் கலையாமல் கிடந்தது. ஏன் என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதற்கு ஒரு மணி நேரம் முன்புதான் அவள் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

நிலையத்தைச் சுற்றி எட்டுக் கிணறுகள். மாதா மாதம் அவற்றின் தண்ணீரைச் சோதித்து, அதில் தோல் பதனிடும் குரோமியம் இறங்கியிருக்கிறதா என்று எழுதி அனுப்புவது அவள் வேலை. ஓடைக்கரைக் காலனியில் பால்வாடிக்குப் பக்கத்திலிருந்த ஆறாம் எண் கிணற்றில் அந்த மாதம் அனுமதித்த அளவைப் போலப் பதினோரு மடங்கு இருந்தது. மூன்று தடவை பார்த்தாள், மூன்று தடவையும் பதினோரு மடங்கு. மேனேஜர் வைத்திலிங்கத்திடம் போய்ச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை, மிரட்டவில்லை, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார். கழிவுக் குளத்தின் அடித்தரையில் விரிசல் இருக்கிறது, இரண்டு மாதத்தில் தரையை மாற்றிவிடலாம், அதற்குள் இந்தத் தாள் மேலே போனால் அறுபத்திரண்டு ஷாப்பையும் பூட்டுவார்கள், மூவாயிரம் பேர் வீட்டில் உலை வைக்க முடியாது என்று நிதானமாகச் சொன்னார். எல்லாம் உண்மைதான். கடைசியில், “வேற பாட்டில்ல பிடிச்சு ஒரு தடவை பாத்துருங்களேன்,” என்றார். வேற பாட்டில் என்றால் ஊர் மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவள் பிடித்தாள். அதன் மேல் ‘கிணறு எண் 6’ என்று சீட்டு ஒட்டினாள். இயந்திரம் நல்ல எண்ணைக் காட்டியது. எண்ணில் பொய் இல்லை, இயந்திரம் பொய் சொல்லவில்லை, சீட்டு மட்டும்தானே மாறியிருக்கிறது என்று தனக்குள் சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

வீட்டில் அரிசி களைந்தபோது கை காய்ந்தபடியே வெளியே வந்தது. குளித்தபோது தண்ணீர் அவளைச் சுற்றிக்கொண்டு தரைக்குப் போனது. குடித்தால் தொண்டையில் இறங்கியது, தாகம் தீர்ந்தது; மேலே பட்டால்தான் நிற்கவில்லை. அவள் கணவன் தாவூது கடைவீதியில் செல்போன் பழுது பார்ப்பவன், எதையும் திறந்து பார்க்காமல் முடிவு சொல்லாதவன், அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “வலிக்குதா?” என்று மட்டும் கேட்டான். இல்லை என்றாள். தோல் டாக்டர் வியாழக்கிழமைதான் வருவார். அவர் வந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, நோய் எதுவும் இல்லை என்று சொல்லி, இருந்தாலும் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். மகள் நஸ்ரினுக்குத்தான் கொண்டாட்டம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் டம்ளரில் தண்ணீரை எடுத்து உம்மாவின் முழங்கையில் சொட்டுச் சொட்டாக விட்டு, அது உருண்டு போவதைக் கைதட்டிப் பார்த்தாள்.

தொழுகைக்கு என்ன செய்வது என்று பள்ளிவாசல் இமாமிடம் கேட்கப் போனார்கள். ஹஜ்ரத்துக்கு முப்பத்திரண்டு வயது, பல்கீஸைவிடப் பத்து வயது சின்னவர், கேட்கிற கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறவர்.

“தண்ணி இருந்தும் பயன்படுத்த முடியலன்னா தயம்மும் செஞ்சுக்கலாம். சுத்தமான மண்ணுல கைய வச்சு முகத்தையும் கையையும் தடவிக்கங்க, போதும். மண்ணு ஒட்டுதுல்ல?”

“ஒட்டுது.”

“அப்ப கவலையில்ல. என்னைக்கிலேர்ந்து இப்படி?”

“செவ்வாய்க்கிழமை அஸர்லேர்ந்து.”

“அதுக்கு முன்னாடி என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?”

“வேலை,” என்றாள் பல்கீஸ்.

“நேர்மையா செய்ற வேலையும் வணக்கம்தானேம்மா,” என்று ஹஜ்ரத் மனசார, சிரித்த முகமாகச் சொன்னார். அவள் தலை குனிந்துகொண்டாள். அன்றிலிருந்து மண்ணைத் தொட்டுத் தொழுதாள். தொழுகை நடந்தது, ஓத வேண்டியது வாயில் வந்தது, எழுந்த பிறகு எங்கேயும் போய்வந்த மாதிரி இல்லை.

அதுவரை நாலைந்து பேரோடு இருந்த விஷயம் மழை வந்த அன்றைக்கு ஊருக்குத் தெரிந்தது. ஐப்பசி மழை, கண்ணைத் திறக்க விடாத மழை. பல்கீஸ் பஸ்ஸைவிட்டு இறங்கி, ஒதுங்க இடமில்லாமல் கடைவீதி முழுவதையும் நடந்தே கடந்தாள். பூக்கடையிலும் டீக்கடையிலும் பாத்திரக் கடையிலும் ஒதுங்கி நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள்: முட்டளவு தண்ணீர் ஓடுகிற தெருவில், தலையில் போட்ட முக்காடு படபடவென்று காய்ந்த துணியாக அடித்துக்கொள்ள, ஒரு பெண் வெயிலில் நடப்பதுபோல நடந்து போனாள். யாரும் கத்தவில்லை. பூக்கடைக்காரர் எழுந்து நின்றார், அவ்வளவுதான். அவரைப் பார்த்து மற்றவர்களும் எழுந்து நின்றார்கள்.

மறுநாளே அவளுக்கு ‘நனையாத அம்மா’ என்று பெயர் வந்துவிட்டது. யார் வைத்தது என்று தெரியாது. காலையில் வாசலில் பெண்கள் வந்து நின்றார்கள், முஸ்லிம் பெண்கள் பிள்ளைகளை ஓதிப் பார்க்கச் சொல்லிக் கொண்டுவந்தார்கள், இந்துப் பெண்கள் மஞ்சளும் தேங்காயும் வைத்துவிட்டுப் போனார்கள், எஸ்தரின் சபையிலிருந்து நாலு பேர் வந்து அவள் தலைக்கு மேல் கையை நீட்டி ஜெபித்துவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார்கள். தார்சுக் கூரை ஒழுகுகிற வீட்டுக்காரர்கள் ஒரு தடவை எங்கள் மாடியில் வந்து நின்றுவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டார்கள். சாக்கடை வால்வு அடைத்துக்கொண்டபோது நகராட்சி ஓவர்சீயர் மிகுந்த மரியாதையோடு வந்து, அம்மா இறங்கினால் ஒன்றும் ஒட்டாதே என்று கேட்டுப் பார்த்தார். தாவூது அவரைக் கடைக்குக் கூட்டிப் போய் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினான். துணி துவைக்கிறவர்கள் அவளைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போனார்கள், குடைக் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், பிரசவத்துக்கு நாள் நெருங்கியவர்கள் அவள் முந்தானை நூல் ஒன்று கேட்டு வாங்கிப் போனார்கள். இரண்டே வாரத்தில் ஊர் பழகிவிட்டது. மணிக்கூண்டு எப்படியோ நனையாத அம்மாவும் அப்படி ஆகிப்போனாள்.

அவள் மறுத்துச் சொல்லாமல் இல்லை. “என்கிட்ட ஒண்ணும் இல்லம்மா, வீட்டுக்குப் போங்க,” என்றாள். அதைச் சொல்லச் சொல்ல, எவ்வளவு பணிவு பார் என்று கூட்டம் கூடியது.

ஓடைக்கரைக் காலனியிலிருந்து அங்கம்மாள் வந்தது அந்த நாட்களில்தான். அங்கம்மாள் பால்வாடி ஆயா, இருபத்து மூன்று பிள்ளைகளுக்குச் சமைத்துப்போட்டுக் குண்டி கழுவிவிட்டுத் தூங்கப்பண்ணுகிறவள். நாலைந்து பிள்ளைகளுக்கு வாயோரத்திலும் விரலிடுக்கிலும் புண் வந்து ஆறாமல் இருந்தது, வயிற்று வலி என்று சுருண்டு படுத்தன. அவற்றில் ஒரு பெண் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கிணற்றுத் தண்ணீரை ஒரு தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு, ஒன்றரை மைல் நடந்து வந்திருந்தாள்.

“இந்தத் தண்ணியில ஒரு விரல வச்சுக் குடுங்கம்மா. பிள்ளைக்கு நல்லாயிரும்.”

பல்கீஸ் விரலை வைத்தாள். தூக்குவாளித் தண்ணீர் விரலைச் சுற்றிக் குழிந்து விலகியது. அதைப் பார்த்து அங்கம்மாள் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, டம்ளரில் மொண்டு குழந்தையின் வாயில் வைத்தாள். பல்கீஸ் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் ஓங்கித் தட்டிவிட்டாள். டம்ளர் படியில் உருண்டு தெருவுக்குப் போனது. குழந்தை வீறிட்டது. வாசலில் நின்ற பெண்கள், பிள்ளையைப் பிடித்திருந்த ஏதோ ஒன்றை அம்மா தட்டி விரட்டிவிட்டாள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

“அந்தத் தண்ணியக் குடுக்காதீங்க,” என்றாள் பல்கீஸ்.

“ஏம்மா? நல்ல தண்ணின்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. பஞ்சாயத்துல ஒட்டியிருக்காங்க. நடுவுல நிறுத்தி வச்சிருந்தோம், அதைப் பாத்துட்டுத்தானே மறுபடி குடுக்க ஆரம்பிச்சோம்.”

அந்த இடத்தில் அவள் சொல்லியிருக்கலாம். வாசலில் பதினைந்து பேர் நின்றார்கள், அத்தனை பேரும் அவள் வாயையே பார்த்தார்கள். அவள் சொன்னது இதுதான்: “கொதிக்க வச்சுக் குடுங்க.”

அங்கம்மாள் சரிம்மா என்று தலையாட்டிவிட்டுப் போனாள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், குரோமியம் சாகாது, தண்ணீர் ஆவியாகப் போகப் போக மிச்சம் இருப்பதில் இன்னும் அடர்த்தியாகும். இது பல்கீஸுக்குத் தெரியும். செங்காட்டுப்பேட்டையில் இது நன்றாகத் தெரிந்த ஒருத்தி உண்டென்றால் அவள்தான். முதல் பொய் ஒரு தாளில் இருந்தது, யாரோ ஒரு மேலதிகாரிக்குப் போனது. இந்தப் பொய் ஒரு பெண்ணின் கையில், அடுப்புக்கும் பிள்ளைகளின் வாய்க்கும் நேராகப் போய்க்கொண்டிருந்தது.

கிணற்றுத் தண்ணீர் சரியில்லை என்று காலனிக்காரர்கள் முன்பே கொடுத்திருந்த மனுவுக்காகக் கோட்டாட்சியர் வந்து ஊர் முன்னால் விசாரிக்கப் போவதாகத் தண்டோரா போட்டது அந்த வாரத்தில்தான். தோல் ஷாப் சங்கத் தலைவர் யாக்கூப் ராவுத்தர் நிலையத்துக்கே வந்தார். பள்ளிவாசலில் ஒளுச் செய்யும் ஹவுள் தொட்டியை மூன்று வருடத்துக்கு முன் புதிதாகக் கட்டிக் கொடுத்தவர், ஒரு வக்த்து தொழுகையும் தவறவிடாதவர்.

“மவளே, வேற யாரு சொன்னாலும் சனம் சந்தேகப்படும். நீ மேடையில வந்து அந்தத் தாளை எடுத்து வாசிச்சாப் போதும். உன் வாய் வார்த்தைக்கு மேல ஒரு பேச்சு இருக்காது. அல்லா உன்னை இதுக்காகத்தான் இப்படி வச்சிருக்கான்.”

அவருக்குப் பாட்டில் மாறியது தெரியாது. தெரிந்துகொள்ள அவர் கேட்டதும் இல்லை. அவர் போன பிறகு பல்கீஸ் மேனேஜர் அறைக்குப் போனாள். வைத்திலிங்கம் தினமும் விடியலில் முருகன் கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றி நிறைய விபூதியோடு வேலைக்கு வருகிறவர்.

“ஆறாம் நம்பர் கிணத்தை மறுபடி சோதிச்சு உள்ளபடி எழுதப்போறேன் சார்.”

அவர் பேனாவை மூடி வைத்தார். “சாமி வேற, வேலை வேறம்மா. நான் காலைல கோயிலுக்குப் போறேன், மனசாரக் கும்பிடுறேன். இங்க வர்றப்ப செருப்பை வெளிய விடுற மாதிரி அதை வாசல்ல விட்டுட்டுத்தான் உள்ள வர்றேன். இல்லேன்னா ஒரு நாளும் இங்க உக்கார முடியாது. நீங்களும் அப்படித்தான் இருந்துக்கணும்.”

“எனக்கு அப்படி விட்டுட்டு வர இடம் இல்ல சார். பாட்டிலும் தொழுகை விரிப்பும் ஒரே அலமாரிலதான் இருக்கு.”

“யோசிச்சுச் செய்யுங்க. கையெழுத்து உங்களோடது,” என்றார் வைத்திலிங்கம். அதில் மிரட்டல் இல்லை, ஒரு மாதிரி அயர்ச்சிதான் இருந்தது.

எஸ்தர் கேட்காமலே கூடையை எடுத்துக்கொண்டு ஓடைக்கரைக்குப் போய்ப் புது மாதிரி கொண்டுவந்தாள். பல்கீஸ் ஒரு பகல் முழுவதும் அதோடு இருந்தாள். கண்ணாடிப் பாத்திரங்களை மூன்று முறை அலசினாள், இயந்திரத்தை அளவு தெரிந்த கரைசல்களை வைத்துச் சரிபார்த்தாள், ஒவ்வொரு சொட்டையும் எண்ணி விட்டாள், அவசரப்படவில்லை. தொழுகையில் நிற்கும்போது எங்கேயோ அலைந்துகொண்டிருந்த அவள் மனசு, பல வாரங்களுக்குப் பிறகு, அந்த மேசைக்கு முன்னால் ஒரே இடத்தில் நின்றது. இப்போது பதின்மூன்று மடங்கு.

மறுநாள் காலையில் கடைக்குப் போய்த் தாவூதிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பாட்டிலை, சீட்டை, கொதிக்க வைக்கச் சொன்னதை. அவன் ஒரு செல்போனைத் திறந்து வைத்துச் சின்னத் திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தான். கேட்டு முடிக்கும்வரை நிமிரவில்லை.

“எனக்குப் பயமா இருக்கு பல்கீஸ்.”

“எனக்கும்.”

“கூட்டம் எத்தனை மணிக்கு?”

“பதினோரு மணிக்கு.”

“சரி, இதை மூடிட்டு வர்றேன்,” என்று சொல்லித் திருகாணிகளைத் திரும்பப் பூட்ட ஆரம்பித்தான்.

கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடையில் கோட்டாட்சியர், ராவுத்தர், வைத்திலிங்கம். கீழே இடது பக்கம் ஷாப்காரர்களும் தொழிலாளிகளும், வலது பக்கம் ஓடைக்கரைக்காரர்கள், முன் வரிசையில் அங்கம்மாள். நனையாத அம்மா வந்தபோது இரண்டு பக்கமும் எழுந்து நின்றது. ராவுத்தர் தன் கையால் சால்வை எடுத்து வந்தார். அவள் அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தாள்.

“நான் கையெழுத்துப் போட்ட தாள் பொய். ஆறாம் நம்பர்னு நான் எழுதினது நம்ம ஊர்த் தொட்டித் தண்ணி. நிஜக் கிணத்துல விஷம் இருக்கு. கையெழுத்துப் போட்ட அன்னைக்குத்தான் தண்ணி என்னைத் தொடாமப் போச்சு. நீங்க நெனைக்கிற மாதிரி இது பெரிய பேறு இல்ல.”

பிறகு பின்னாலிருந்து ஒரு குரல், “அம்மா ஊர்ப் பழிய தன் மேல போட்டுக்குறாங்க!” என்று தழுதழுத்தது. நாலைந்து பெண்கள் அழுதார்கள். ஒருவர் இருந்த இடத்திலேயே விழுந்து கும்பிட்டார். உண்மையைச் சொன்னால் அதையும் பூசைக்கு எடுத்துக்கொள்வார்கள் என்று பல்கீஸுக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் வாதாடவில்லை. எஸ்தரைப் பார்த்தாள். எஸ்தர் கூடையோடு மேடைக்கு வந்தாள்.

இரண்டு கண்ணாடி டம்ளர்களை வைத்தார்கள். ஒன்றில் மண்டபத்துக் குழாய்த் தண்ணீரைக் கோட்டாட்சியரின் டிரைவரே பிடித்து வந்து ஊற்றினார். இன்னொன்றில், காலனிக்காரர் ஒருவர் அன்று காலை தன் கையால் இறைத்து வந்த கிணற்றுத் தண்ணீர். இரண்டும் பார்க்க ஒன்றுபோலத் தெளிவாக இருந்தன. பல்கீஸ் இரண்டிலும் சில சொட்டு அமிலம் விட்டாள், பிறகு இரண்டிலும் ஒரே மருந்தை ஒரே அளவு விட்டாள். “குரோமியம் இருந்தா நிறம் மாறும். இல்லாட்டி மாறாது. இதுல என் பேச்சை நம்ப வேண்டியது ஒண்ணுமில்ல, பாத்துக்கங்க.” முதல் டம்ளர் அப்படியே இருந்தது. இரண்டாவதில் ஒரு நூல் போல நிறம் இறங்கி, சுழன்று, கத்தரிப்பூ நிறமாகி, டம்ளர் முழுவதும் ஊதாவாக நின்றது.

அதற்குப் பிறகு யாரும் கும்பிடவில்லை.

ராவுத்தர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து டம்ளரைக் குனிந்து பார்த்தார். “இது நம்ம ஷாப்புத் தண்ணியா மவளே?”

“எல்லா ஷாப்புத் தண்ணியும்தான் மாமா.”

அவர் திரும்பிப் போய் உட்கார்ந்தார். அங்கம்மாள் மட்டும் எழுந்து மேடைக்குக் கீழே வந்து நின்றாள். மைக் அவளுக்குத் தேவைப்படவில்லை.

“கொதிக்க வச்சுக் குடுக்கச் சொன்னியே. பத்து நாளு கொதிக்க வச்சுக் குடுத்தேன். இருபத்து மூணு பிள்ளைங்க. கொதிக்க வச்சா போயிருமா அது?”

“போகாது.”

“தெரிஞ்சேதான் சொன்னியா?”

“தெரிஞ்சேதான்.”

அங்கம்மாள் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். அடிப்பாள் என்று தாவூது ஒரு அடி முன்னால் வந்தான். அவள் அடிக்கவில்லை, திட்டவில்லை, பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் என்ன சொல்லப் போகிறோம் என்று யோசித்தபடி மண்டபத்தைவிட்டுப் போனாள்.

ஷாப்புகள் பூட்டப்பட்டன. பால்வாடிப் பிள்ளைகளைப் பெரியாஸ்பத்திரிக்கு வேனில் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். எல்லாருக்கும் புண் ஆறியது, இரண்டு பேருக்கு மட்டும் மாதக்கணக்கில் மருந்து தேவைப்பட்டது. பல்கீஸுக்கு வேலை போனது. அதை அவள் எதிர்பார்த்திருந்தாள். வீட்டு வாசலில் தேங்காய் வைத்த பெண்கள் வேலையிழந்த வீட்டுப் பெண்களாகி, அதே வாசலைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டுப் போனார்கள். தாவூதின் கடைக்கு மூன்று மாதம் ஒரு செல்போனும் பழுது பார்க்க வரவில்லை. ஊர் அவளை வணங்குவதற்கு எவ்வளவு சீக்கிரம் பழகியதோ, வெறுப்பதற்கும் அவ்வளவு சீக்கிரம் பழகியது. அதன்பின் மழையில் அவள் காய்ந்தபடி நடந்து போனால் பூக்கடைக்காரர் எழுந்து நிற்பதில்லை, பூவைத் தொடுத்தபடியே இருந்தார்.

ஒருநாள் காலையில் வைத்திலிங்கம் வந்தார். கையில் அவளுடைய தொழுகை விரிப்பு, நேர்த்தியாக மடித்து, ஒரு துணிப்பையில். “அலமாரியிலயே விட்டுட்டுப் போயிட்டீங்க,” என்று கொடுத்தார். வாசலில் கழற்றிய செருப்பை மாட்டிக்கொண்டும் உடனே போகாமல் நின்றார். “பாட்டிலை மாத்தச் சொன்னது நான்தான்னு நீங்க அங்க சொல்லலையே,” என்றார். “நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன் சார்,” என்றாள் பல்கீஸ். அவர் அடுத்த வாரம் கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்ததாக எஸ்தர் வந்து சொன்னாள். ராவுத்தர் யாரோடும் பேச்சுவார்த்தை இல்லாமல் கிடந்து, பிறகு கழிவுக் குளத்துக்குத் தரை மாற்றும் வேலை ஆரம்பித்ததும் கரையில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, முடியும்வரை தினமும் வந்து உட்கார்ந்தார்.

ஓடைக்கரைக்கு லாரியில் தண்ணீர் வந்தது. பல்கீஸ் பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றின் சோதனைக்கூடத்தில் பாதி நாள் வேலை தேடிக்கொண்டாள், மீதி நாள் காலனிக்குப் போனாள். லாரி வந்ததும் குடம் தூக்க இறங்கினாள். முதல் மாதம் யாரும் அவள் கையில் குடம் கொடுக்கவில்லை. கை நீட்டினாள், குடங்கள் அவளைச் சுற்றிப் போயின. அவள் நின்றாள், லாரி காலியாகும்வரை நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தாள், அடுத்த நாளும் போனாள். மண்ணைத் தொட்டே தொழுதாள். யா அல்லா, உன்னிடம் கேட்க வேண்டிய மன்னிப்பைக் கேட்டுவிட்டேன், இனி இவர்களிடம் கேட்க வேண்டியது பாக்கி என்று தினமும் சொன்னாள்.

மாசி வெயிலில் ஒரு மத்தியானம் லாரி டிரைவருக்கு அவசரம், ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். அங்கம்மாளுக்கு இடுப்புப் பிடித்திருந்தது. பால்வாடிக் குடங்கள் இன்னும் நாலு நிரம்பாமல் கிடந்தன. அவள் திரும்பிப் பார்த்து, கிட்டத்தில் வேறு யாரும் இல்லாததால், “என்ன பாத்துக்கிட்டு நிக்குற, பிடி,” என்று நிறைகுடத்தைப் பல்கீஸின் இடுப்பில் ஏற்றினாள். குடம் தளும்பியது. தண்ணீர் அவள் விலாவில் விழுந்து, ஜாக்கெட்டை நனைத்து, முழங்கை வழியே ஓடி, சேலை மடிப்பில் ஊறி, கணுக்கால் வரைக்கும் குளிரக் குளிர இறங்கியது. பல்கீஸ் ஒரு கணம் நின்றாள். “கீழ போட்ராத,” என்றாள் அங்கம்மாள். அவள் போடவில்லை. கொண்டுபோய் இறக்கிவிட்டு, அடுத்ததற்கு ஈரச் சேலையோடு ஓடி வந்தாள். யாருக்கும் அதில் ஆச்சரியம் இல்லை. தண்ணீர் தூக்குகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் நனைந்திருந்தார்கள்.

சித்திரையில் அரசாங்கம் காலனியின் மேட்டில் புதிதாக ஆழ்துளைக் கிணறு போட்டது. நாலு நாள் இயந்திரம் கத்தியது, ஐந்தாம் நாள் தண்ணீர் பீறிட்டு வந்தபோது பிள்ளைகள் அதில் குதித்து ஆடின. அதிகாரி ஒருவர் நல்ல தண்ணீர் என்று ஒரு தாளோடு வந்தார். காலனி அதை வாங்கி வைத்துக்கொண்டது. ஆனால் யாரும் குழாயடியில் குடத்தை வைக்கவில்லை. அங்கம்மாள் ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து பல்கீஸின் கையில் கொடுத்தாள்.

“பாத்துச் சொல்லு. உள்ளதச் சொல்லு.”

பல்கீஸ் கல்லூரியில் வைத்து இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் அவள் மேடேறி வந்தபோது காலனியே குழாயடியில் கூடியிருந்தது. வெயில் கொளுத்தியது. லாரி வருவது இப்போதெல்லாம் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். நல்ல வார்த்தை ஒன்றைக் கேட்க அத்தனை முகங்களும் காத்திருந்தன, குடங்களைக்கூடத் துலக்கி வைத்திருந்தார்கள்.

“பழைய கிணறு அளவுக்கு மோசமில்லாமத்தான் இருக்கு,” என்றாள். “ஆனா குரோமியம் இருக்கு. பெரியவங்க குளிக்கலாம், துவைக்கலாம். பிள்ளைங்களுக்குக் குடுக்க ஆகாது. இன்னும் மேற்க தள்ளிப் போடணும்.”

கூட்டத்தில் ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். இன்னொருத்தி, இவளுக்கு வேற பொழப்பு இல்லையா, நாலு மாசம் லாரிக்கு நின்னு கால் வீங்கிப்போச்சு, அரசாங்கமே நல்ல தண்ணின்னு எழுதிக் குடுத்திருக்கு என்று கத்தினாள். அங்கம்மாள் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கண்ணாடி மாதிரி விழுந்துகொண்டிருந்தது. பிறகு போய்க் குழாயை இறுக்கி மூடினாள், குனிந்து தன் இரண்டு குடங்களையும் எடுத்து இடுப்பிலும் கையிலும் வைத்துக்கொண்டாள்.

“அவ ஆகாதுன்னுட்டா,” என்றாள் மற்றவர்களைப் பார்த்து. “எந்திரிங்க. லாரி வர்ற நேரமாச்சு.”